என் துட்டிக்கு நானே கதவு திறந்தேன்

வாசலில் அழுகைச் சத்தம் கேட்டபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏ பாண்டி... எங்கள விட்டுட்டு எங்கய்யா போன..." என்று ஓர் ஆண் குரல். எங்கள் தெருவில் என்னையும் சேர்த்து மூன்று பாண்டிகள். அதில் ஒருவர் சர்க்கரை வியாதிக்காரர். பாவம், அவர்தான் போய்விட்டார் என்று நினைத்து, வாயில் நுரையோடு போய்க் கதவைத் திறந்தேன்.

எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து பெருமாள்சாமி மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி, எனக்குத் தாய்மாமன். ஒரு கையில் தரையைத் தொடும் ரோஜா மாலை. இன்னொரு கையில் துணிக்கடைப் பை, அதற்குள் செத்தவனுக்குப் போர்த்தும் கோடி வேட்டி. முதல் பஸ்ஸின் தூசி முழுக்க அவர் தலையில் இருந்தது.

மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் தள்ளுய்யா. எத்தன மணிக்கு எடுக்காவ?" என்று என்னிடமே கேட்டார்.

பேஸ்ட்டைத் துப்பிவிட்டு, "யார மாமா?" என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். பிறகு கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். உயிரோடு இருந்த குற்றத்துக்காக நான் வாங்கிய முதல் அடி அது. அப்புறம்தான் கட்டிப்பிடித்து அழுதார். எங்கள் இருவருக்கும் நடுவில் ரோஜா மாலை நசுங்கி, நாள் முழுக்க என் பனியனில் சாவு விழுந்த துட்டி வீட்டு வாசம் அடித்தது.

விஷயம் இதுதான். முந்தின நாள் சாயங்காலம் மாமா அவர் ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். டிவி ஓடுகிறது, சத்தம் இல்லை. திரை முழுக்க என் படம். மாலை, குங்குமம், முன்னால் விளக்கு. எங்கள் வீட்டு முன்னறையில் பல வருடம் தொங்கிய அதே படம். சீரியல் பார்க்கும் பழக்கம் இல்லாத மனிதர், செய்தி என்று நம்பிவிட்டார்.

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று அப்பா நிதானமாகக் கேட்டார். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "துட்டின்னு தெரிஞ்ச பொறவு, உண்மையா பொய்யான்னு வெசாரிச்சுட்டா வருவான் தாய்மாமன்?" என்றார். நியாயமான கேள்விதான். செத்ததாகச் சொல்லப்பட்டவனுக்கே அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கரிசலில் பந்து போட்டவன்

நான் எழுதும் இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதன்முதலாகப் படிக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு ஒரு சுருக்கம். நான் கிரிக்கெட் ஆடியவன். இடது கை வேகப்பந்து. மாநில அணியில் சில வருடம், சம்பளத்துக்கு ஆடும் லீக்குகளில் சில வருடம். இந்திய அணிக்கு என் பெயர் அடிபட்டதாகச் சொல்வார்கள். பெயர் அடிபட்டது உண்மை. நான் மட்டும் போகவில்லை.

ஊர் கோவில்பட்டி. அப்பாவுக்கு உரக்கடை. எங்கள் கரிசல் மண் கோடையில் முழங்கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். நாங்கள் ஆடிய மைதானத்தில் ஃபீல்டரைத் தாண்டிய பந்து பவுண்டரிக்குப் போகாது. வெடிப்புக்குள் போகும். நாங்கள் குச்சியை விட்டுக் குடைந்து எடுப்பதற்குள் பேட்ஸ்மேன்கள் ஓடி ஓடி இளைத்துப் போவார்கள்.

மழை பெய்தால் இன்னும் கொடுமை. பத்தடி ஓடுவதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ மண் அப்பியிருக்கும். நான் எப்படி இவ்வளவு வேகமாக ஓடி வந்து பந்து வீசினேன் என்பதற்குச் சென்னைப் பயிற்சியாளர்கள் என்னென்னவோ விளக்கம் கொடுத்தார்கள். காலில் மண் ஒட்டாத தரையைப் பார்த்ததும் எனக்கு நிற்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மாநில அணிக்கு முதன்முதலாகத் தேர்வானபோது கோட் கொடுத்தார்கள். ஊருக்கு வந்ததும் அப்பா என்னை மெயின் ரோட்டு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் அந்தக் கோட்டோடு ஒரு படம் எடுத்தார். வேனல் கால மத்தியானம். வியர்வை ஒழுக ஒழுக நின்றேன். ஆனால் அந்தச் சிரிப்பு அசல். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் சிரித்ததில்லை, பின்னும் சிரித்ததில்லை. அம்மா அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினாள். வருகிறவர்கள் தண்ணீர் கேட்பதற்கு முன்னால் படத்தைப் பார்த்தாக வேண்டும்.

பிறகு வலது முட்டி போனது. இரண்டு முறை கத்தி வைத்தார்கள். நடக்கலாம், படி ஏறலாம், ஓடி வந்து பந்து போடுவதை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். வீட்டில் நான் அப்படிச் சொல்லவில்லை. ரெஸ்ட்டில் இருக்கிறேன் என்று சொன்னேன். அம்மா நம்பினாள். அடுத்த சீசன், அடுத்த சீசன் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வெங்காயம் தந்த புகழ்

ஆடாத கிரிக்கெட் வீரனுக்கு இந்த நாட்டில் மூன்று வழி உண்டு. கமென்ட்ரி சொல்லலாம், கட்சியில் சேரலாம், டிவியில் சமைக்கலாம். முதல் இரண்டுக்கும் நன்றாகப் பேசத் தெரிய வேண்டும்.

நான் போனது பிரபலங்கள் கூடிச் சமைத்து, கூடி அழும் ஒரு நிகழ்ச்சிக்கு. அதில் உப்புக்கு மதிப்பெண் கிடையாது, அழுகைக்கு உண்டு. எனக்கு அழ வரவில்லை. முதல் மூன்று வாரமும், கொஞ்சம் மனசு திறங்க சார் என்று கெஞ்சினார்கள். வேகப்பந்து வீச்சாளனுக்கு ஆத்திரம் வரும், அழுகை வராது என்று அவர்களுக்குப் புரியவில்லை.

நாலாவது வாரம் சின்ன வெங்காயம் உரிக்கச் சொன்னார்கள். யாருக்கும் வருவதுபோல எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பக்கத்தில் போய்ப் படம்பிடித்து, புல்லாங்குழலைச் சேர்த்து, மறைந்த தந்தையை நினைத்துக் கலங்கிய நம்ம கோவில்பட்டி சிங்கம் என்று போட்டார்கள்.

அப்பா அதை உரக்கடையில் உட்கார்ந்து பார்த்தார். யூரியா வாங்க வந்த நாலு சம்சாரிகளும் கூடப் பார்த்தார்கள். அன்றைக்கு அவர் போனில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் என்னலே செஞ்சேன் ஒன்ன?"

விசாரித்தேன். ஆராய்ச்சிக் குழுவில் ஏதோ குழப்பம் என்றார்கள். சமையலுக்கு எதற்கு ஆராய்ச்சிக் குழு என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு வெங்காயத்தால் எனக்குச் சீரியல் வாய்ப்பு வந்தது. அப்பாவைக் கொன்றதற்குக் கிடைத்த கூலி என்று அம்மா சொன்னாள். ஆனால் சீரியலைப் பார்த்தாள்.

பார்க்காமலே அவுட்

சீரியலின் பெயர் வேண்டாம். அது இன்னும் ஓடுகிறது. அதில் நான் ரகு, வீட்டின் மூத்த மகன். வேலை வெட்டி கிடையாது. காலையில் மாடிப்படி இறங்கி, "என்னம்மா சொல்றீங்க?" என்று கேட்க வேண்டும். சாயங்காலம் மாடிப்படி ஏற வேண்டும். முட்டிக்கு நல்ல பயிற்சி.

எனக்கு அம்மாவாக நடித்தவர் என்னைவிட வயதில் இளையவர். நரைக்கு மாவு பூசிக்கொண்டு, இடைவேளையில் என்னை அண்ணா என்று கூப்பிடுவார். நல்ல பெண்.

ஒருநாள் கதை வேறு திசையில் போகிறது என்று சொன்னார்கள். தயாரிப்பாளரின் அக்கா மகன் நடிப்பு வகுப்பை முடித்துவிட்டு வந்திருந்த திசை அது. ரகு சாக வேண்டும்.

சரி, சாவுக் காட்சியாவது கிடைக்குமே என்று ஆசைப்பட்டேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் சாய்வதை அறைக் கண்ணாடி முன்னால் பழகிக்கூடப் பார்த்தேன். கடைசியில் ஒரு போன் அடித்தது. ரகுவின் தம்பி எடுத்தான். போனைக் கீழே போட்டான். முடிந்தது. பந்தையே பார்க்காமல் எதிர்முனையில் நின்றபடி ரன் அவுட் ஆனவர்களுக்கு அந்த வலி தெரியும்.

போளியைத் தின்றவர்கள்

அதற்கு ஒரு வாரம் முன்பே, ஹாலில் மாட்ட உங்கள் படம் ஒன்று வேண்டும் என்று தயாரிப்பு நிர்வாகி கேட்டிருந்தார். பெரியதாக, சிரித்த முகமாக. நான் வீட்டுக்குப் போன் செய்தேன்.

அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். டிவி வீட்டு ஹாலில் தன் மகன் படம். முன்னறையில் இருந்து இறக்கி, கண்ணாடியை ஈரக் காகிதத்தால் துடைத்து, பழைய சேலையில் சுற்றி, ஆம்னி பஸ் பார்சலில் போட்டாள். சும்மா அனுப்பக் கூடாது என்று கடம்பூர் போளி இரண்டு பெட்டி வேறு.

போளியைத் தின்றார்கள். தின்ற கையோடு படத்துக்கு மாலையைப் போட்டார்கள்.

அம்மா அந்த எபிசோடைப் பார்த்துவிட்டு டிவியை அணைத்தாள். பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சீரியல்தானே என்று நானும் இருந்துவிட்டேன்.

ஆனால் சீரியலில் காலம் நம் வீட்டுக் காலம் மாதிரி நகராது. இங்கே கார்த்திகை போய்த் தை வந்துவிட்டது. உளுந்து அறுத்து, களத்தில் தட்டி எடுத்தும் ஆயிற்று. அந்த வீட்டில் ரகு செத்து இன்னும் மூன்றாம் நாள்தான். தினமும் சாயங்காலம் என் படத்துக்கு முன்னால் யாராவது வந்து நின்று, சொத்து விஷயம் பேசினார்கள்.

தெருப் பெண்கள் அம்மாவிடம் விசாரிக்க ஆரம்பித்தார்கள். துட்டி கேட்க வந்தோம் என்று சொல்ல முடியாதே, அதனால் சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம் என்றார்கள். கழுகுமலையிலிருந்து எனக்கு வந்திருந்த ஒரு சம்பந்தமும் நின்றுபோனது. பெண்ணின் அப்பா தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர். தினமும் தீயோடு புழங்குகிறவர், சகுனம் பார்க்காமல் இருப்பாரா? படம் இறங்கட்டும், பேசுவோம் என்று சொல்லி அனுப்பினார்.

இதையெல்லாம் அம்மா பொறுத்துக்கொண்டாள். பெருமாள்சாமி மாமா மாலையோடு வந்து நின்றதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. உடன்பிறந்தவன் கையால் தன் மகனுக்குக் கோடி வந்துவிட்டது. அந்த வேட்டியை வீட்டுக்குள் எடுக்கவும் முடியாது, மாமா திருப்பிக் கொண்டுபோகவும் முடியாது. கடைசியில் அப்பா அதை ஓடைப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து குளித்தார்.

மாமா சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு அம்மா என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "நாந்தானல தொடச்சு அனுப்புனேன்" என்றாள். "என் கையால நான் அனுப்புன படம். அது எறங்கணும்."

செத்தால்தான் வாழ்வு

தயாரிப்பு நிர்வாகிக்குப் போன் போட்டேன். படத்தை எடுக்கச் சொல்லத்தான் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் நல்ல செய்தி சொன்னார்.

தயாரிப்பாளரின் அக்கா மகன் எடுபடவில்லையாம். அதனால் ரகுவுக்கு ஓர் இரட்டைச் சகோதரன் பிறக்கப்போகிறான். பிறக்கும்போதே போலீஸ் அதிகாரியாகப் பிறக்கிறான். ஆஸ்பத்திரியில் மாறிப் போனவன், வடக்கே வளர்ந்தவன், இருந்தாலும் தமிழ் நன்றாகப் பேசுவான். அந்த வேடம் எனக்குத்தான். வீட்டுக்குள் நுழைந்து, மாலை போட்ட தன் முகத்தைத் தானே பார்த்து அவன் திடுக்கிடுவதுதான் முதல் காட்சி. படம் அங்கேயே இருந்தாக வேண்டும்.

படம் இறங்கினால் வேடம் இல்லை. வேடம் வேண்டுமென்றால் படம் தொங்க வேண்டும். இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நானும் சூட்டிங் பார்க்க வருகிறேன் என்றாள். சும்மா பார்க்கத்தான் என்றாள். சம்மதித்துவிட்டாள் என்று நினைத்து டிக்கெட் போட்டேன்.

எனக்கு அந்த வேடம் தேவைப்பட்டது. அதை மறைக்க விரும்பவில்லை. பந்து போட முடியாதவனை வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று ஊர் சொல்லிவிடும் என்கிற பயம் இருந்தது. அந்தப் பயத்தில் மனிதன் எந்த மாலைக்கும் கழுத்தை நீட்டுவான்.

ஃபிரேமுக்குள் அம்மா

சென்னையில் படப்பிடிப்புத் தளத்தில் அம்மாவுக்கு நாற்காலி போட்டார்கள், காபி கொடுத்தார்கள். என் சின்னத்திரைத் தாய் வந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்து, இவ்வளவு சின்ன வயதில் எதற்கு இந்தப் பாடு என்று விசாரித்தாள்.

நான் காக்கி உடுப்பில் கதவருகே நின்றேன். தொப்பையை உள்ளே இழுத்துப் பிடித்தபடி திடுக்கிடத் தயாராக இருந்தேன். எதிர்ச் சுவரில் நான். மாலை பிளாஸ்டிக், குங்குமம் மட்டும் அசல். கண்ணாடியில் என் நெற்றிக்கு நேராக யாரோ கட்டை விரலால் அழுத்தி வைத்திருந்தார்கள்.

இயக்குநர் தொடங்கச் சொன்னார். சின்னத்திரைத் தாய் படத்தைப் பார்த்து அழுதார். நன்றாகவே அழுதார். அம்மா எழுந்தாள். காபி டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, நேராக நடந்துபோய் மாலையைப் பிடித்து இழுத்தாள். அது கையோடு வந்துவிட்டது.

அம்மா, ஃபிரேமில் வருகிறீர்கள் என்று யாரோ கத்தினார்கள். எந்த ஃபிரேம் என்று அவள் கேட்கவில்லை.

இயக்குநர் நல்ல மனிதர், ஓடிவந்து பொறுமையாகத்தான் பேசினார். "அம்மா, இது கதைம்மா. செத்தது உங்க பையன் இல்ல. எங்க ரகு."

"ஒங்க ரகு செத்துட்டுப் போட்டும் தம்பி, அதுல எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. "இந்தப் படத்துல இருக்கவன் ரகு இல்ல. இவன் பந்து போடுதவன். இவன் சாகல."

அந்த வீட்டில் நிஜமாகவே செத்துப்போயிருந்தவன் படத்தில் சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பயல்தான். அது எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியும். அம்மா அவனுக்காக வழக்காடிக்கொண்டிருந்தாள்.

அவள் கையை நீட்டிப் பார்த்தாள். படம் எட்டவில்லை. எம்பிப் பார்த்தாள். அப்போதும் எட்டவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

தயாரிப்பு நிர்வாகி என் காதோரம் வந்தார். படம் இறங்கினால் போலீஸ்காரரும் இறங்கிவிடுவார், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். யோசித்தேன். அவ்வளவு நேரம் அம்மா எம்பிக்கொண்டே இருந்தாள். அதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, முட்டி கடகடவென்று பேச, ஏறி ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். உடுப்பைக் கழற்றி, மடித்து, நிர்வாகியிடம் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அந்தச் சுவரில் அக்கா மகனின் படம் மாலையோடு தொங்கியது. இனிமேல் இவர்தான் ரகு என்று கீழே ஒரு வரி ஓடியது. செத்தவனுக்கே ஆள் மாற்றிய முதல் சீரியல் அதுவாகத்தான் இருக்கும். பார்த்தவர்கள் யாரும் ஒரு கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை.

பகல் ரயில்

மறுநாள் பகல் ரயிலில் ஊருக்குத் திரும்பினோம். அம்மா ஜன்னல் பக்கம். படத்தை மடியிலிருந்து இறக்கவே இல்லை. மேலே வைக்கிறேன் என்று இரண்டு தடவை கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டாள்.

விருதுநகர் தாண்டியதும் மண் கறுக்கத் தொடங்கியது. அறுப்பு முடிந்த காடுகள், மக்காச்சோளத் தட்டை, தூரத்தில் காற்றாலைகள். அம்மா சேலைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்து, கண்ணாடியில் இருந்த குங்குமத்தைத் துடைத்தாள். ஒரு தடவை துடைத்ததும் போய்விட்டது. ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வேடம் போனதைப் பற்றி அவள் கேட்பாள், அதற்கு என்ன பதில் சொல்வது என்று நான் மனதுக்குள் தயாரித்துக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"முட்டி எப்பிடில இருக்கு?" என்றாள்.

"தேவலம்மா" என்றேன். அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் மேலும் சொன்னேன். நன்றாக ஆறிவிட்டது என்றேன். டாக்டரே அசந்துவிட்டார் என்றேன். ஓடிப் பார்த்தேன், வலி இல்லை, அடுத்த சீசனுக்கு நிச்சயம் கூப்பிடுவார்கள், ஆடுவேன் என்றேன். குரல் நடுங்கவில்லை. கண்ணும் சிமிட்டவில்லை. ஒரு சிரிப்புக்கூடச் சிரித்தேன்.

அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த முகத்தைப் பார்த்தாள். துண்டை எடுத்து அதை மெதுவாக மூடினாள்.

"இம்புட்டு நாளும் டிவில ஒன்னப் பாத்துருக்கேன்" என்றாள். "இன்னைக்குத்தாம்ல நல்லா நடிச்சிருக்க."